நாற்பத்தொன்றாவது பரிந்துரை

அரசாங்கத்துக்குப் புத்தி சொல்வதையே பிழைப்பாக வைத்து இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள் கமா அக்கா. வரி எவ்வளவு போடலாம், துறைமுகத்தை எப்படி நடத்தலாம், பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுக்கலாம், எல்லாம் அவள் கையால் தட்டச்சாகித்தான் மந்திரிகளின் மேசைக்குப் போயிற்று. மந்திரிகள் அதைக் காதில் போட்டுக்கொண்டார்களா என்று கேட்காதீர்கள். அவளும் கேட்டதில்லை.

அவள் வேலை பார்த்தது தொழிலதிபர்கள் சங்கத்தின் அலுவலகத்தில். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடும் நாளைவிட ஓடாத நாள்தான் அதிகம். வருஷாவருஷம் பட்ஜெட்டுக்கு இரண்டு மாதம் முன்னால் சங்கம் ஒரு நீல அட்டைப் புத்தகம் போடும். தேசியப் பொருளாதார, சமூகக் கொள்கைக்கான பரிந்துரைகள் என்று பெயர். பெரிய முதலாளிகள் ஐந்து பேர் நீள்வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து மனதில் பட்டதைப் பேசுவார்கள். ஒருவர் ஆரம்பித்ததை இன்னொருவர் முடிப்பார்; பல நேரம் யாருமே முடிக்க மாட்டார்கள். அந்தப் பேச்சையெல்லாம் பிடித்து வந்து வாக்கியமாக்குவது அவள் வேலை. மூச்சு விடாமல் பேசிய ஒரு தலைவருக்கு, எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் உரையில் கமா போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து வாசல் காவலர் முதல் தலைவர் வரை எல்லாருக்கும் அவள் கமா அக்காதான்.

பரிந்துரை எழுதுவதற்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த செயலர் அதை இப்படிச் சொன்னார்: "இது முதலாளிங்க சங்கம்மா. யாருக்காவது ஏதாவது குடுங்கன்னு எழுதினா, அந்த வாக்கியம் முடியறதுக்குள்ளயே யாரெல்லாம் குடுக்க வேணாம்னும் எழுதிடணும். இல்லன்னா ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டாங்க." செயலர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். விதி அவள் விரலில் ஊறிவிட்டது. நிதிநிலை அனுமதிக்கும் பட்சத்தில், படிப்படியாக, சிறு நிறுவனங்கள் நீங்கலாக, இவையெல்லாம் அவள் யோசிக்காமலே வந்து விழும்.

அந்த நீலப் புத்தகத்தை அச்சடித்த அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவர்தான் அவள் கணவர். ப்ரூஃப் வாங்கப் போய் வந்ததில் பழக்கமாகி, அது கல்யாணத்தில் முடிந்தது. புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்த ஒரே ஆள் அநேகமாக அவர்தான். "உங்க முதலாளிங்க எல்லாம் ரொம்ப நல்லவங்களா இருக்காங்களே, புத்தகத்துல" என்று கிண்டல் செய்வார். ஐம்பது வயதுக்குள் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு பாதி திரும்பியது. வலது கால் திரும்பவில்லை.

பகலில் அவரை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். சாப்பாடு ஊட்டுவாள், துணி மாற்றுவாள். ஆனால் அவளுக்கே இடுப்பு வலி, தம்பியைத் தூக்கி நிறுத்த முடியாது. மருத்துவரோ கறாராகச் சொல்லிவிட்டார்: "தினம் மூணு வேளை தாங்கிப் பிடிச்சு நடக்க வைக்கணும். மூணு மாசம் விடாம செஞ்சா ஊன்றி நடந்துடுவாரு. விட்டா கால் அப்படியே இறுகிடும்." காலையும் மாலையும் கமா அக்கா நடக்க வைத்தாள். நடுவேளைக்கு ஆள் இல்லை. சம்பளமில்லாத விடுப்பு எடுத்தால் மருந்துக்கு வழியில்லை. இதற்கு நடுவில் நாத்தனார், "அடுத்த வருஷம் பாதி வரைக்கும் இருப்பேன். அப்புறம் என் பொண்ணுகிட்டப் போகணும். அவளும் ஒண்டியாத் திண்டாடறா" என்று தவணை சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

அந்த வருஷ அறிக்கையின் கடைசி அத்தியாயத்தைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நாற்பதாவது பரிந்துரைக்கு அடியில் அவள் நாற்பத்தொன்று என்று அடித்தாள். யாரும் சொல்லாத பரிந்துரை. வீட்டில் நீண்டகால நோயாளியைப் பராமரிக்கும் ஊழியருக்கு மூன்று மாதம் சம்பளத்துடன் விடுப்பு. நெஞ்சு படபடக்க நாலே வரியில் முடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

இறுதிக் கூட்டத்தில் முதலாளிகள் ஒரு வரிச் சலுகையின் ஒற்றை வார்த்தைக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். சமூகக் கொள்கைக்கு வரும்போது சாப்பாடு வந்துவிட்டது. எப்போதும் அப்படித்தான். சங்கத் தலைவர், சிமெண்ட் ஆலை முதலாளி, கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்டே கேட்டார்.

"மீதி எல்லாம் போன வருஷம் மாதிரிதானேம்மா?"

"ஆமா சார். ஒண்ணு ரெண்டு எடத்துல மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்கேன்."

"நீங்க மாத்தினா சரியாத்தான் இருக்கும்."

ஐந்து கையெழுத்தும் விழுந்தன.

பட்ஜெட் அன்று அலுவலகமே தொலைக்காட்சி முன்னால் நின்றது. நாற்பத்தொரு பரிந்துரைகளில் நாற்பது வழக்கம்போலக் கிடப்புக்குப் போயின. தொழிலதிபர்களே பெருந்தன்மையுடன் கேட்டுக்கொண்டபடி என்று சொல்லி, மந்திரி பராமரிப்பு விடுப்பை அறிவித்தார். அதை ஏன் எடுத்தார் என்றால், அதற்கு அரசாங்கம் கைக்காசு செலவழிக்க வேண்டியதில்லை. கமா அக்கா கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

தலைவர் அடித்துப் பிடித்து ஓடி வந்தார். "நாம எப்பம்மா இதைக் கேட்டோம்?" அவள் பக்கத்தை எடுத்துக் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். சாயங்காலச் செய்தியில், இது நெடுநாளாகத் தன் மனதை வாட்டிய விஷயம் என்றார். ஒரு வாரம் பத்திரிகைகள் அவரைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. அவள் வாய் திறக்கவில்லை. பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், விடுப்பு தனக்கு வந்தால் போதும்.

அரசாணை வந்தபோது நாத்தனார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கமா அக்கா விண்ணப்பம் எழுதி நிர்வாக அதிகாரியிடம் நீட்டினாள். நல்ல மனுஷர். ஆணையை ஒரு முறை படித்தார், மறுபடியும் படித்தார், பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"இருபது பேருக்குக் கீழ இருக்கிற நிறுவனங்கள் நீங்கலாகன்னு போட்டிருக்குக்கா. நாம ஒன்பது பேர்தானே."

"அதை யார் சார் சேர்த்தது?"

அவர் நீலப் புத்தகத்தை எடுத்து ஆணைக்குப் பக்கத்தில் வைத்தார். அரசாங்கம் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. அவள் வாக்கியம், அவள் கமா, அதற்குப் பின்னால் அவளுடைய 'நீங்கலாக'. அடித்தது நினைவிலேயே இல்லை. படபடப்பில் கை தன் பாட்டுக்கு முடித்துவிட்டிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். யார் மேலாவது கோபப்படலாமென்றால் ஆள் கிடைக்கவில்லை.

"அடுத்த வருஷம் திருத்திடலாம்கா."

"அடுத்த வருஷம் வரைக்கும் அவர் கால் பொறுக்காது சார்."

வேலையை விட்டால் கைக்கு வரும் தொகையில் கொஞ்ச நாள் மருந்துச் செலவை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு, ராஜினாமாக் கடிதத்தைத் தலைவரிடம் நேரில் கொடுத்தாள். தபால் வழியே அனுப்பியிருக்கலாம்; ஏனோ மனசு வரவில்லை. அவர் திகைத்துப்போய்க் காரணம் கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நாற்பத்தொன்று தானே எழுதியது, விலக்கும் தானே போட்டது, கணவர், கால், நாத்தனார், எல்லாம். தலைவர் பேப்பர்வெயிட்டைச் சுழற்றினார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"மனசு விட்டுடாதீங்கம்மா. அந்த விலக்கு இல்லன்னா நாங்க யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவே மாட்டோம்."

"நீங்கதான் யாரும் படிக்கவே இல்லையே சார்" என்றாள் கமா அக்கா.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அது அவளுக்கே முழுதாக உறைத்தது. படிக்காதவர்களுக்குப் பயந்து எழுதியிருக்கிறாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, கணவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, அவர் வலக்கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வார்த்தையைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"ஆ...பீஸ்?"

"லீவு குடுத்துட்டாங்க. மூணு மாசம், சம்பளத்தோட."

அவருடைய முகத்தின் இடப்பக்கம் சிரித்தது. "நல்...லவங்க" என்றார். "ம்" என்று சொல்லி, அவள் அவரைத் தூக்கி நிறுத்தினாள்.