வட்டிக்காசில் ஒரு கூரை

ஓய்வு பெற்றவனுக்கு ஊர் கொடுக்கும் தண்டனை பொருளாளர் பதவி. மாரி மழையில் எங்கள் மரபுரிமை நூதனசாலையின் கூரை இறங்கி, உள்ளே காட்சிக்கிருந்த தறியும் தோணியும் கலியாண அறையும் ஊறிப்போயின. அவற்றைத் திரும்ப அமைக்க நிதி சேர்க்கும் குழுவில் என்னைப் போட்டார்கள். அரச நிர்வாகத்தில் நரைத்தவனுக்கு விதிமுறை எல்லாம் தெரியும் என்றார்கள். தெரியும்தான். மூன்று விலைமனு இல்லாமல் ஓர் ஆணியும் வாங்கக்கூடாது. மூன்று விலைமனுவையும் ஒரே கடைக்காரர் வெவ்வேறு தாளில் தருவார் என்பதும் தெரியும்.

முதலில் கல்முனைக்குடியில் ஓர் இரும்புக்கடை முதலாளியிடம் போனேன். பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"பள்ளிவாசலுக்கா சேர்?"

"இல்லை, நூதனசாலைக்கு."

முகம் விரிந்தது. "அப்ப நல்லம். பேங்கில வட்டி கொஞ்சம் சேந்து கிடக்கி. நமக்கும் திங்க ஏலா, பள்ளிக்கும் குடுக்க ஏலா. போன முறை சந்தைக் கக்கூசுக்குக் குடுத்த. இந்த முறை நீங்க கொண்டு போங்க."

வட்டி எங்களுக்கு ஹறாம். கணக்கில் தானாகச் சேர்ந்துவிட்டால், நன்மையை எதிர்பாராமல் பொதுக் கழிப்பறைக்கோ வடிகானுக்கோ கொடுத்துத் தொலைப்பார்கள். அந்த வரிசையில் இப்போது எங்கள் மரபுரிமையும் சேர்ந்தது. மறுக்க ஒரு விதியைத் தேடினேன், அகப்படவில்லை. செய்தி பரவ, மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் தாங்களாகவே அழைத்துக் கொடுத்தார்கள். ஒருவர்கூடப் பலகையில் பெயர் கேட்கவில்லை. என் சேவைக்காலத்தில் அப்படியொரு திட்டத்தை நான் கண்டதில்லை.

கூரை ஏறியது. தறி நிமிர்ந்தது. மண்டபத்தின் நடுவிடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே முன்பு ஒரு கையெழுத்துக் குர்ஆன் இருந்தது. எங்கள் தெருவில் நான் ராத்தா என்று கூப்பிடும் மூத்த பெண்ணின் வாப்பா எழுதியது. கூரை இறங்கிய அன்றே ராத்தா அதை நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அதற்குப் புதுக் கண்ணாடிப் பெட்டி செய்கிறோம் என்று சொல்லியனுப்பினேன். அவர் என் கேற்றடிக்கே வந்தார்.

"தம்பி, எங்கட வாப்பா ஒளு எடுத்து முகம் கை கால் கழுவாம பேனையத் தொட மாட்டாரு. அதக் கொண்டு வந்து வட்டிக்காசுப் பெட்டிக்குள்ள வெக்கச் சொல்றீங்களா?"

"வேற காசில செய்வம் ராத்தா."

"எந்தக் காசு? எல்லாத்தையும் ஒரு கணக்கிலதானே போட்டிரிக்கீங்க?"

உண்மை. விதிப்படி ஒரே கணக்கு. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேமிப்புக் கணக்கு இன்னொன்று திறக்கலாம். ஆனால் வங்கி கேட்காமலே அதற்கும் வட்டி போடும். வட்டியில்லாத நடைமுறைக் கணக்கு திறக்கலாம். போட நல்ல காசு வேண்டும். நல்ல காசெல்லாம் பள்ளிக்குப் போனது. சந்தைக்கும் கடற்கரை வீதிக்குமாக அலைந்தேன். "ஹலால் காசு கொஞ்சம் தரலாமா?" என்று ஒரு புடவைக்கடையில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அப்ப மத்ததெல்லாம் நாங்க களவெடுத்ததா ஹாஜியார்?"

திறப்பு விழாவுக்கு முதல் நாள், நூதனசாலை வாசலில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. முன்னால் ராத்தா, பின்னால் அவர் வீட்டுக் கண்ணாடி அலுமாரி.

"கோப்பை பீங்கானெல்லாம் கட்டிலுக்குக் கீழ போட்டிட்டன். இது மகன் கடல்ல உழைச்ச காசு. பிடிச்சி இறக்குங்க."

நடுமண்டபத்தில் வைத்தோம். துணியில் சுற்றிய குர்ஆனோடு நின்றவர் அண்ணாந்து பார்த்தார்.

"கூரை?"

"வட்டி," என்றேன். ஊருக்கே தெரிந்ததை மறைக்க முடியாது.

திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். குர்ஆனைச் சுற்றிய துணியை அவிழ்த்தார்.

"கூரை மழைக்குத்தானே. அது கிடக்கட்டும்."

பிஸ்மி சொல்லி உள்ளே வைத்தார். பூட்டினார். சாவியைத் தன் கைப்பையில் போட்டார்.

"ராத்தா, சாவி காப்பாளரிட்ட இரிக்கணும். அதுதான் விதி."

"விதிய நீங்க வெச்சிக்கோங்க. அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தக் காசில குடுக்கிறீங்க?"

காப்பாளரின் சம்பளம் நூதனசாலையின் நிலையான வைப்பு வட்டியிலிருந்து போகிறது. நான் கூரையைப் பார்த்தேன்.