கடைசி வரிசைச் சுவர்

சினிமாக் கொட்டகையில் எங்கே உட்காருவது என்பதில் எனக்கு ஒரு காலத்தில் பெரிய கர்வம் இருந்தது. பால்கனி கட்டுப்படியாகாது. முன்னால் உட்கார்ந்தால் கழுத்து போய்விடும். தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால் மானமும் போய்விடும். என் இடம் பால்கனிக்கு நேர் கீழே, கடைசி வரிசையின் நடு. தூண் மறைக்காது, திரையின் இரண்டு ஓரமும் ஒழுங்காகத் தெரியும். குறைந்த காசில் பால்கனிக்குச் சமமான பார்வை என்று நான் வேலை பார்த்த கடையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தலைக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கும் என்பதை மட்டும் சொன்னதில்லை.

2007, 2008 வாக்கில் கடலூர் முதுநகரில் குடியிருந்தோம். எனக்கு வேலை சிதம்பரத்தில், ஒரு ஜவுளிக்கடையில். பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன், பகல் முழுக்க நின்றுகொண்டே புடவை பிரித்துக் காட்டுவேன், திரும்பவும் நின்றுகொண்டே வருவேன். உட்காரும் இடத்தைப் பற்றி இவ்வளவு பேசியவனுக்கு உட்காரவே கொடுத்துவைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு. மாதம் ஒரு செவ்வாய் மனைவியை மேட்னி ஷோவுக்குக் கூட்டிப்போவேன். மற்ற நாளெல்லாம் ஒற்றை அறையில் தனியாகக் கிடப்பவள். அந்த ஒரு படத்தையாவது அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் அலுப்போடு அலுப்பாகக் கிளம்புவேன்.

"மாமா, இன்னிக்கி கொஞ்சம் முன்னாடி உக்காரலாமா?" என்று கேட்பாள். சொந்தத்தில் கட்டிய பெண், சின்ன வயதிலிருந்தே நான் அவளுக்கு மாமாதான்.

கொட்டகையில் முன்னால் போகப் போக டிக்கெட் விலை இறங்கும். காசை மிச்சம் பிடிக்கத்தான் கேட்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "நாம ஒண்ணும் அவ்ளோ கெட்டுப்போயிடல. பேசாம வா" என்பேன். மூன்று நான்கு தடவை கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

விளக்கு அணைந்த பத்தாவது நிமிஷம் என் தலை சுவரில் சாய்ந்துவிடும். இடைவேளையில் எழுப்பி முறுக்கு தருவாள். வீடு திரும்பும்போது கதையை முழுக்கச் சொல்வாள், யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல். யார் என்ன கட்டியிருந்தார்கள் என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. புடவைக் கடையில் நிற்கிற எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சிதம்பரத்தில் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே அங்கே ஒரு கொட்டகைக்குப் போனோம். நல்ல கூட்டம். முன்வரிசை பெஞ்சு டிக்கெட் மட்டும்தான் மிச்சம். போய்விடலாம் என்றேன். "வந்தது வந்துட்டோம் மாமா" என்றாள். எங்கள் கடை ஆட்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

சாய்மானம் இல்லாத பெஞ்சு. தூங்க வழியில்லை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கத் தொடங்கியபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"மாமா, அந்தப் பொண்ணு பொடவையில சின்னச் சின்ன மாங்கா போட்டிருக்கு பாருங்க!"

"ஏன், பின்னாடி உக்காந்தா தெரியாதா?"

"பின்னாடியா? யாரு யாருன்னே தெரியாது. தூரத்துல எல்லாம் மங்கலாத்தான் தெரியும். கொரல வச்சித்தான் கண்டுபிடிச்சிக்குவேன்."

இத்தனை படம் கூட்டிப்போயிருக்கிறேன், ஒன்றைக்கூட இவள் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, வெட்கத்தில் அவள்மேலேயே எரிந்து விழுந்தேன். "இத்தினி நாளா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? நான் பேசாம வான்னு சொன்னா அப்பிடியே விட்டுடறதா?"

"அதுக்கில்ல" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முன்னாடி வந்தா நீங்க சாஞ்சி தூங்க செவுரு இல்லியே மாமா."