மஞ்சள் பூசிய விறகு

புது வீட்டில் பால் காய்ச்சக் கேஸ் அடுப்பு கூடாது, செங்கல் அடுப்பும் பிறந்த வீட்டுச் சீர் விறகும்தான் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அன்று திங்கட்கிழமை. ஏழரைக்கு இராகு காலம். பெரியநாயக்கன்பாளையத்து வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களையும் இங்கே இறக்கியாயிற்று.

"அதுக்குள்ள பொங்கலைன்னா நான் இந்த ஊட்டுல படுக்க மாட்டேனுங்க" என்றாள்.

காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் அவள் அண்ணன் டெம்போவில் வந்து இறங்கினார். தட்டுகளில் தேங்காய், பழம், விறகு. முந்தின நாள் வெட்டிய வேல மரம். அதையும் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தார்.

"ஏனுங்க மச்சான், விறகைக் குளிப்பாட்டியா கொண்டாந்தீங்க?"

"சீருங்க மாப்ள. மண்ணோட வெச்சா ஊரு சிரிக்காதுங்களா?"

பச்சை விறகைச் சூடாக்கினால் முதலில் உள்ளிருக்கும் தண்ணீர்தான் கிளம்பும். அது போகும்வரை மரம் பற்றாது, நாம் ஊதியே சாக வேண்டியதுதான். முனையில் நுரை தள்ளியது. வெள்ளைப் புகை கிளம்பிப் புது பெயின்டில் படிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கைநிறையச் சூடம் போட்டோம். சூடம் தீர்ந்தது, விறகு அப்படியே கிடந்தது.

கோபத்தில் வெளியே வந்தேன். தட்டுகள் குலுங்காமலிருக்க டெம்போவில் மச்சான் காய்ந்த தைல மரச் சருகைப் பரப்பியிருந்தார். எரியக்கூடியதைக் கீழே போட்டு, எரியாததைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்த மனிதர்!

அள்ளிவந்து அடுப்பில் திணித்தேன். தைல இலையில் எண்ணெய் உண்டு. சூடானதும் ஆவியாகி, பக்கென்று பிடிக்கும். பிடித்தது. என் புருவத்தில் பாதி போனது. விடாமல் திணித்தேன். நுரை அடங்கி, புகை கனத்து, அந்தப் புகைக்கே தீ தாவியது. மரம் எரிகிறது என்கிறோம். சூட்டில் மரம் விடுகிற புகைதான் அப்படிக் கொழுந்துவிட்டு எரிகிறது. அது தீர்ந்தால் மிச்சம் கரி.

ஏழரைக்குச் சற்று முன்னால் பால் பொங்கியது. எந்தப் பக்கம் வழிகிறது என்று மனைவி குனிந்து பார்த்தாள். கிழக்கேதான்.

மச்சான் மீசையைத் தடவிக்கொண்டார். "எங்கூட்டுச் சீர் விறகு சோடை போகுமுங்களா, மாப்ள?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி ஒரு டம்ளர் பாலைக் கையில் திணித்துவிட்டு, பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். குடித்தேன். பாலில் தைல வாசம்.