மேலத்தெரு வழியாகச் செல்லவும்

மருதையனுக்குக் காக்கிச்சட்டை கிடைத்தபோது கீழத்தெருவே திரண்டு வந்து பார்த்தது. பண்ணையாள் குடும்பத்தில் சேற்றை விட்டுத் தார் ரோட்டுக்கு ஏறியவன் அவன் ஒருத்தன்தான். நெடுஞ்சாலைத் துறையில் கூலி வேலை. பள்ளத்தில் ஜல்லி கொட்டுவான், ஓரத்துப் புல்லைச் செதுக்குவான், புளியமரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடிப்பான்.

அவன் வருஷாவருஷம் சுண்ணாம்பு அடித்த மரங்களைத்தான் இப்போது வெட்டிக்கொண்டிருந்தார்கள். திருவாரூர் ரோட்டை அகலமாக்கப் போகிறார்களாம். ஏலம் எடுத்தவன் ஆளுங்கட்சிக்காரர் ஒருவரின் மச்சான் என்பதும், கணக்கில் வராத மரங்களும் சேர்த்தே சாய்கின்றன என்பதும் ஊருக்கே தெரியும். ஆனால் கூலிக்காரனை யார் கேட்டார்கள்?

மரம் விழும் இடத்தில் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நடவு முடிந்த குறுவை வயல். அதனால் ரோட்டை அடைத்து, ‘மேலத்தெரு வழியாகச் செல்லவும்’ என்று பலகை வைத்துவிட்டார்கள். அந்தத் தெருவில் ஒரு பஸ் நுழைந்தால் எதிரே மாட்டுவண்டிகூட வர முடியாது. முதல் நாளே ஒரு பஸ்ஸும் நெல் லாரியும் நடுத்தெருவில் முட்டிக்கொண்டு நின்றன. இவன் பின்னால் போகமாட்டேன் என்றான், அவனும் மாட்டேன் என்றான். பொழுது பாதி அதிலேயே போயிற்று.

அதற்குப் பிறகு ஓவர்சியர் ஒரு ஏற்பாடு செய்தார். தெருவின் இந்த முனையில் மருதையன், அந்த முனையில் அவனோடு கூலி வேலை பார்க்கும் மூஸா. ஒரு பக்கத்து வண்டிகளை விட்ட பிறகு, கடைசி வண்டி டிரைவரிடம் சிவப்பு பெயிண்ட் அடித்த கொம்பு ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும். கொம்பு கைக்கு வந்தால்தான் மறுமுனையில் வண்டியை விடலாம்.

“நானே வந்து சொன்னாலும் கொம்பு இல்லாம விடாதீங்க” என்று இரண்டு பேரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

செருப்புப் போட்டுக்கொண்டு ஒருநாளும் நடந்திராத தெருவை மருதையன் இப்போது திறந்தான், மூடினான். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அப்படிப் பெருமைப்பட்டதை நினைத்துப் பின்னால் அவனுக்கே அருவருப்பாகப் போயிற்று.

அந்த வாரக் கடைசியில் அவனுடைய பெரியப்பா வீரையன் காலையில் கண்ணை மூடினார். கூலி உயர்வு கேட்டு ஜெயிலுக்குப் போய் வந்த மனுஷன். மருதையன் லீவு கேட்டான். “நீ போயிட்டா பஸ்ஸை யாருய்யா விடுறது? அப்புறம் பாக்கலாம்” என்றார் ஓவர்சியர்.

மத்தியானம் பாடை வந்தது. ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு எப்போதும் பெரிய ரோட்டில்தான் போவார்கள். இன்றைக்கு ரோட்டின் குறுக்கே இரண்டு புளியமரங்கள் கிளையும் தழையுமாகக் கிடந்தன. முன்னால் தூக்கி வந்த வீரையன் மகன் கண்ணுசாமி மருதையனைப் பார்த்தான். மருதையன் பலகையைக் காட்டினான். பஸ்ஸுக்கும் லாரிக்கும் வழி என்றால் எல்லாருக்கும் வழிதானே என்று நினைத்தான் அந்தப் பைத்தியக்காரன்.

மேலத்தெரு முதல் வீட்டிலிருந்து இளையபெருமாள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கட்சியின் கிளைச் செயலாளர். சாதியை ஒழிக்க வேண்டும் என்று மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்.

“என்னப்பா மருதையா இது? எனக்கு ஆட்சேபணை இல்ல. மேடையிலயே பேசுறவன் நான். தெருவுல ஒத்துக்கமாட்டாங்க.”

“ஒரு வாரமா எங்க ஆளுங்க பஸ்ஸுல இந்தத் தெருவுலதாங்க போறாங்க.”

“அது பஸ்ஸுப்பா. கவர்மெண்டு. இது பொணம்.”

ஓவர்சியர் குறுக்கே வந்தார். “வயல்ல எறங்கிப் போவச் சொல்லுய்யா. பஸ்ஸெல்லாம் நிக்குதுல்ல?”

காத்து நின்ற பஸ்ஸை மருதையன் நிமிர்ந்து பார்த்தான். யாராவது ஒருவர் நியாயம் பேசுவார் என்று அவனுக்கு ஒரு நப்பாசை. “ஓரமாப் போங்கய்யா, ரயிலைப் புடிக்கணும்” என்று ஒரு குரல்தான் வந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். காலையில் செத்த மனிதரிடம் என்ன நாற்றம் கண்டாரோ! நாறியது பெரியப்பா இல்லை. மருதையனுக்கு அந்த ரோட்டிலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

“விடுண்ணே. வெயில்ல வெச்சுக்கிட்டு நிக்க முடியாது” என்றான் கண்ணுசாமி.

பாடை வயலில் இறங்கியது. முழங்கால் வரை சேறு. நாலடி போவதற்குள் பின்னால் தூக்கியவனுக்குக் கால் வழுக்கிப் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெரியப்பாவின் தலை தொங்கிப்போயிற்று.

அந்த நேரம் பார்த்து மூஸா பக்கத்துக் கடைசி லாரி தெருவிலிருந்து வெளியே வந்தது. டிரைவர் கொம்பை மருதையன் கையில் திணித்துவிட்டுப் போனான்.

“ம், விடு” என்றார் ஓவர்சியர்.

மருதையன் பஸ்ஸை விடவில்லை. கொம்பை முதுகுப்பக்கம் இடுப்பில் செருகிக்கொண்டு வயலில் இறங்கினான். சாய்ந்த பக்கத்தில் தோளைக் கொடுத்து நிமிர்த்தினான்.

“யோவ்! கொம்பைக் குடுத்துட்டுப் போய்யா! இங்க பஸ்ஸை விட்டாலும், அது இல்லாம மூஸா அந்தப் பக்கம் ஒரு வண்டியையும் விடமாட்டான்!”

“இடுப்புலதாங்க இருக்கு” என்றான் மருதையன், திரும்பாமலே. “எறங்கி வந்து எடுத்துக்கங்க.”

ஓவர்சியர் இளையபெருமாளைப் பார்த்தார். இளையபெருமாள் தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். இரண்டு பேரும் கண்டக்டரைப் பார்க்க, அவன் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டான். ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. பாடை மெல்ல மெல்லத்தான் போய்க்கொண்டிருந்தது, ஓடிப் பிடிக்க வேண்டிய தூரம்கூட இல்லை. ஆனாலும் அந்தச் சேற்றில் இறங்கி, அந்தப் பிணத்தின் பக்கத்தில் போய் ஒரு கொம்பை உருவிவர, ரோட்டில் நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் கால் வரவில்லை.