அண்ணன் போனுக்குப் போட்ட பூட்டு

செஞ்சியில் பிறந்து வளர்ந்தவள் நான். கோட்டைப் பக்கம் இருட்டினால் குதிரைச் சத்தம் கேட்கும், மலையில் விளக்கு நகரும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லுவார்கள், ஒன்றையும் காதில் போட்டுக்கொண்டதில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன், பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுகிற மனுஷர்களைச் சமாளிக்கவே எனக்குப் பொழுது போதவில்லை, இதில் பேய்க்கு எங்கே போவது. நீங்கள் இப்போது ஒரு மாதிரி பார்க்கிறீர்களே, அதே பார்வைதான் நானும் மற்றவர்களைப் பார்த்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் இவளுக்குக் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். வீடு தொண்டூரில், வேலை செஞ்சியில் ஒரு ஹார்டுவேர் கடையில். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டியில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, மகள் யாழினியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். தானே திறந்துகொண்டு வரமாட்டார், பெண் ஓடிவந்து திறக்க வேண்டும், அதில் அவருக்கு ஒரு பெருமை. போன் இல்லாமல் அவரைப் பார்க்கவே முடியாது. எங்கள் பக்கம் செத்தவருக்குப் பிடித்ததைக் குழியில் கூடவே வைத்து அனுப்புவோம், வெற்றிலையோ பீடியோ ஏதோ ஒன்று. அண்ணனுக்கு யாழினி அவர் போனையே சட்டைப் பையில் வைத்துவிட்டாள். "நைனா போன் இல்லாம இருக்காதே" என்று அவள் அழுதபோது யாருக்கும் தடுக்க மனசு வரவில்லை. ஏரிக்கு அந்தாண்டை, வீட்டிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிற சுடுகாட்டில் போனோடுதான் புதைத்தோம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு யாழினி போனும் கையுமாக ஆகிவிட்டாள். பத்தாவது படிக்கிற பெண், கணக்கில் ஃபெயில், சோறு இறங்குவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறாள் என்று அண்ணி என் சென்டருக்கே வந்து அழுதார்.

"அவருதான் போயிட்டாரு. எனக்கு இருக்கிறது இது ஒண்ணு, இதுவும் கையவிட்டுப் போயிடும் போல இருக்குது. நீ கம்ப்யூட்டர் தெரிஞ்சவ, அதுக்கு ஒரு பூட்டு போட்டுக் குடும்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். வீட்டு வைஃபை ரூட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, பிள்ளைகளுக்கான கட்டுப்பாட்டில் யாழினி போனுக்குச் சாயங்காலத்தில் இருந்து விடியும்வரை நெட் கிடையாது என்று வைத்தேன். ஃபயர்வாலில் லாகையும் ஆன் செய்தேன். "இது இன்னாம்மா?" என்று கேட்ட அண்ணிக்கு, "வாட்ச்மேன் மாதிரி அண்ணி. யாரு உள்ள வர வந்தாங்க, யாரத் திருப்பி அனுப்பிச்சோம்னு குறிச்சி வெச்சிக்கும்" என்றேன். பழைய பட்டியலில் 'நைனா' என்று ஒரு போன் கிடந்தது, அண்ணன் போனுக்கு யாழினி எப்போதோ வைத்த பேர். இல்லாத போனுக்கு எதற்கு வழி என்று அதையும் தடுத்து வைத்தேன். தடுத்த போன் எது வந்து முட்டினாலும் என் போனில் டிங் என்று ஒரு சத்தம் வருகிற மாதிரியும் செய்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் டிங். கொஞ்சம் விட்டு இன்னொரு டிங். எடுத்துப் பார்த்தால், 'நைனா' தடுக்கப்பட்டது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் அதே நேரம், அதே இரண்டு. எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு போனின் அடையாளத்தை இன்னொரு போனுக்குப் போட்டு உள்ளே நுழைய வழியிருக்கிறது, இந்தக் குட்டி எங்கேயோ பார்த்துக் கற்றுக்கொண்டு எனக்கே டிமிக்கி கொடுக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு போய் அவள் போனை வாங்கி, அணைத்து, என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "நான் இல்ல அத்த, சத்தியமா" என்றாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, டிங். கொஞ்சம் விட்டு, டிங்.

யாழினி விருட்டென்று உள்ளே போய்விட்டாள். அண்ணி முகம் வெளுத்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தினம் ரெண்டு தரம்தானா?"

"ஆமாம் அண்ணி. ரூட்டர் கோளாறா இருக்கும்."

"ரெண்டோட நின்னா நீ பேசாம இரு. இருட்டற நேரத்துல ரெண்டு தரம் கூப்பிடறதுக்கெல்லாம் பதில் குடுக்கக் கூடாது. அதுங்களால மூணாவது தரம் கூப்பிட முடியாது. மூணாவது தரம் கூப்பிட்டாத்தான் நம்ம ஆளு."

எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சுதான், சின்ன வயசில் எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். "பேய்க்கு எண்ணத் தெரியாதா அண்ணி?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, தினமும் அந்த நேரத்துக்கு அண்ணி வாசலில் வந்து நிற்கிறார், எதற்கும் பதில் சொல்லாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு. பாவம், பயந்து நின்றாரா ஆசைப்பட்டு நின்றாரா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தொண்டூரில் இருந்தேன். யாழினி உள்ளறையில் படிக்கிறாள் என்று நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் போண்டா போட்டுக்கொண்டிருந்தோம். மழைச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை, ஆனாலும் டிங் கேட்டது. அடுத்ததும் கேட்டது. பழகிப்போனதால் நான் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் மூன்றாவதாக ஒன்று வந்தது.

அண்ணி கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தார். ஒரு நொடி யோசிக்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. "தோ வந்துட்டேங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே கொட்டுகிற மழையில் கேட்டுக்கு ஓடினார். அண்ணன் உயிரோடு இருந்தபோது எப்படிப் பதில் சொல்லுவாரோ அப்படியே சொன்னார். எனக்கு அந்தக் குரலைக் கேட்டதும்தான் உடம்பு சிலிர்த்தது. பின்னாலேயே ஓடினேன். கேட்டைத் திறந்தால் ஒருத்தரும் இல்லை, ரோடு வெறுமனே கிடந்தது. ஆனால் அங்கே நின்று பார்த்தால்தான் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிற வைக்கோல் போர் தெரியும். போர் அடியில் ஒரு போன் வெளிச்சம்.

யாழினி. வீட்டில் நெட்டைப் பூட்டிவிட்டோம், டவர் கிடைக்கிற இடம் வைக்கோல் போர் ஓரம்தான், பின்பக்கமாகப் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். கால் வீங்கிப்போய், கண் சொருகி, கூப்பிடக் குரல் வராமல் கிடந்தாள். கணுக்காலில் பாம்புப் பல் பட்ட இடம். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு செஞ்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் அண்ணி அவள் கன்னத்தைத் தட்டி, "தூங்காதடி, என் தங்கம், தூங்காதடி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

பிழைத்துக்கொண்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள், கணக்கிலும் பாஸ்.

அடுத்த நாளே பூட்டை எல்லாம் எடுத்துவிட்டேன். 'நைனா'வை அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் சேர்த்தேன். அதிலிருந்து அந்தப் போன் வரவே இல்லை. பூட்டி வைத்திருந்தபோது தினமும் வந்தது, வழி திறந்துவிட்ட பிறகு ஒரு நாளும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணி கேட்பார், "அவருக்கு வழி தொறந்துதானே இருக்குது?" தொறந்துதான் இருக்குது அண்ணி என்பேன். நடந்தது இவ்வளவுதான் என்றால் நானே காரணம் சொல்லிவிடுவேன், ரூட்டர் கோளாறு, மழை, யாரோ வழிப்போக்கன் போன் என்று ஏதாவது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் யாழினி தன் போனை என்னிடம் நீட்டினாள். ஒரு வருஷமாக அவள் தட்டிக்கொண்டிருந்தது விளையாட்டு இல்லை. எல்லாம் அவள் நைனா நம்பருக்கு அனுப்பிய மெசேஜ். 'நைனா இன்னைக்கு கணக்குல ஃபெயிலு.' 'நைனா அம்மா ராத்திரி சாப்பிடல.' எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக், போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கடைசி மெசேஜ் வைக்கோல் போரில் இருந்து அனுப்பியது. போனோடு வெளியே வந்ததற்கு அம்மா திட்டும் என்று பயந்து அம்மாவைக் கூப்பிடாமல், பைத்தியக்காரப் பெண், அவருக்கு அனுப்பியிருக்கிறாள்.

'நைனா கால்ல இன்னாவோ கடிச்சிடிச்சி. அம்மாகிட்ட சொல்லு.'

அதற்கு மட்டும் இரண்டு டிக்.

நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள் என்று உடனே அடித்துப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அப்படியே எங்கேயோ ஒரு போன் உயிர் பெற்றிருந்தாலும் காத்துக் கிடந்த மெசேஜ் அத்தனையும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அதுதான் முறை, ஊருக்கே இதைச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். போன வாரமும் யாழினி போனை வாங்கிப் பார்த்தேன். அதற்கு முன்னால் அனுப்பியது, பின்னால் அனுப்பியது எல்லாம் இன்றைக்கும் ஒற்றை டிக்கோடுதான் இருக்கிறது.