ஒரு கையால் பறித்த கொழுந்து

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டபோது புல் வெட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தோம். காலையில் பனிமூட்டம் விலகாத நேரம். எதிர்மலை கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கிருந்து மோட்டார் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், சற்றுத் தள்ளிப் போய் மறுபடி ஓடும்.

"புல்லு வெட்டுறானுங்க லா, வேறென்ன?" என்றாள் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள்.

அம்மா கையை நிறுத்தவில்லை. "தேயிலைக்கு நடுவுல அம்புட்டுப் புல்லு எங்கடி இருக்கு?" என்று கேட்டாள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கேமரன் மலையில், ரிங்லெட் டவுனுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் அம்மாவும் நானும் கொழுந்து பறித்தோம். அப்பா லோரி கவிழ்ந்து இறந்தபின் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை இருக்கிற வரைக்கும் கூரை. பெயரை அடித்துவிட்டால் சட்டிபானையை வாசலில் எடுத்து வைக்க வேண்டியதுதான். எங்கள் லயத்திலேயே கடைசி வீடுகள் சில அப்படிப் பூட்டிக் கிடந்தன. அந்தப் பூட்டுகளைத் தாண்டித்தான் தினமும் தண்ணீர் பிடிக்கப் போவோம். பார்க்காத மாதிரிப் போகப் பழகியிருந்தோம்.

எதிர்மலைக்கு மாதக்கணக்கில் எங்களில் யாரையும் அனுப்பவில்லை. வெயில் அடித்த ஒரு நாள் பார்த்தால், அங்கே செடிகளெல்லாம் மேசை மாதிரி மட்டமாக வெட்டப்பட்டிருந்தன. கங்காணியிடம் கேட்டோம். வாய் ஓயாத மனிதர். அன்றைக்கு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "எனக்கென்ன தெரியும், தொரைகிட்ட கேளு" என்று நகர்ந்துவிட்டார். அவர் பேசாமல் போனதுதான் பயமாக இருந்தது.

துரையோ புதியவர். வெள்ளைக்காரத் துரைகள் காலம் முடிந்து, கோலாலம்பூரில் படித்த ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கம்பெனி மேனேஜராக அனுப்பியிருந்தது. நம்ம ஆள் துரையாக வந்துவிட்டார் என்று கோயிலில் மாலை போட்டு வரவேற்றோம். அவர் எங்களை 'அக்கா' என்று கூப்பிட்டார். முன்பிருந்த துரைமார் கத்துவார்கள், திட்டுவார்கள். மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். இவர் எப்போதும் சிரிப்பார். சிரிக்கிற கம்பெனியிடம் எப்படி நடந்துகொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வந்த கொஞ்ச நாளில் தோட்டத்து மண்டபத்துக்குக் கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாங்கிக் கொடுத்தார். கேட்காமலே. ஒழுகுகிற கூரைக்குத் தகரம் கேட்டு வருஷக்கணக்காகக் கிடைக்காத தோட்டம் அது. "தகரம் கேட்டா டிவி குடுக்குறான்" என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் முதல் ஆளாகப் போய்ப் பாய் விரித்து உட்கார்ந்தவளும் அவள்தான்.

படம் பார்ப்பதைவிடப் படத்தைக் குறை சொல்வதில்தான் எங்களுக்கு ருசி. ஒரு படத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணாகக் கதாநாயகி வந்தாள். பளபளக்கும் பாவாடை தாவணியோடு, ஒரு கையால் கூடைக் கயிற்றைப் பிடித்தபடி, மறு கையால் ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக்கொண்டே பாடினாள். அம்மா மண்டபமே கேட்கச் சொன்னாள்: "ஒத்தக் கையால கிள்ளுறா பாரு. இவளுக்கெல்லாம் எவன் சம்பளம் குடுப்பான்?" நாங்கள் சிரித்த சிரிப்பில் மீதிப் பாட்டு காதில் விழவேயில்லை.

அதே மண்டபத்தில் மிஷின் பேச்சும் அடிபடும். வெளிநாட்டில் மிஷின் கொழுந்து பறிக்கிறதாம் என்று யாரோ டவுனில் கேட்டுவிட்டு வந்து சொன்னார்கள். "மிஷினுக்குக் கண்ணு இருக்கா? கொழுந்தையும் முத்தலையும் ஒண்ணாத்தான் வெட்டும். அந்தத் தேத்தண்ணிய எவன் குடிப்பான்?" என்பதுதான் எல்லாருடைய கட்சியும். குடிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான், கம்பெனி மறுபடி நம்மிடம்தான் வந்து நிற்கும் என்று நம்பினோம். நாங்களே மலிவுத் தூளில் டின்பாலை ஊற்றிக் குடித்துவிட்டு ருசி பற்றி வாய் திறக்காதவர்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் விடியற்காலையில், பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில், துரையே வந்து நின்றார். "நாளைக்கு கோலாலம்பூர்ல இருந்து வீடியோ எடுக்க வர்றாங்க. நீங்க பறிக்கிறத எடுப்பாங்க. நல்லா வாங்க லா, அக்கா" என்றார். எதற்கென்று ஒருத்தியும் கேட்கவில்லை. சினிமாவில் முகம் வரப்போகிறது என்றால் எதற்கென்று கேட்கத் தோன்றுமா?

மறுநாள் மலையே தீபாவளி மாதிரி இருந்தது. கொண்டையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. அம்மா இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் படுதாவை வீட்டிலேயே விட்டுவிட்டு, பெட்டியிலிருந்த நீலப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். காமிராக்காரர் எதையும் செய்யச் சொல்லவில்லை. தோளில் காமிராவோடு நிரைக்குள் வந்து நின்றார், அவ்வளவுதான். அம்மா பறிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு கையும் செடிமேல் ஓடும். எந்த விரல் எப்போது கிள்ளியது என்று சொல்ல முடியாது. அந்த அம்மா, காமிராவைக் கண்டதும் ஒரு கையால் கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் ஒரு கொழுந்தைக் கிள்ளினாள். நிமிர்ந்து சிரித்தாள். இன்னொன்றைக் கிள்ளினாள்.

"என்னம்மா, ஒத்தக் கையால?" என்று கிசுகிசுத்தேன்.

"ரெண்டு கையையும் எலைக்குள்ள விட்டுக்கிட்டுக் குனிஞ்சு நின்னா மொகம் எப்படிடி விழும்?"

எல்லாரும் அப்படியேதான் பறித்தோம். எதிர்மலையில் அந்தச் சத்தம் ஓடியது, நின்றது. காமிராக்காரர் எங்களை முடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். டவுன் பக்கம் போவார் என்று கையசைத்துக்கொண்டே பார்த்தோம். ஜீப் எதிர்மலை ரோட்டில் திரும்பியது.

அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிய சனிக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. துரை டிவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் முகங்கள் வர வர விசில் பறந்தது. அம்மா வந்தபோது கைதட்டல். நீலச் சேலையில், பனிக்கு நடுவில், அவள் நிஜமாகவே அழகாக இருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது படம் மாறியது. மட்டமாக வெட்டிய செடிகள். நிரைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள், இருவருக்கும் நடுவில் நீளமாக ஒரு மிஷின். அதன் பின்னால் ஒரு துணிப்பை உப்பிக்கொண்டே வந்தது. அவர்கள் நடந்தார்கள், வேறெதுவும் செய்யவில்லை. முன்னால் பச்சை, பின்னால் மொட்டை. டிவியிலிருந்து வந்தது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

துரை எழுந்தார். "பயப்படாதீங்க. யாரையும் நிறுத்தப் போறதில்ல. முறைய மாத்துறோம், அவ்வளவுதான். வித்தியாசத்த நீங்களே இன்னொரு தடவ பாருங்க" என்று டெக்கில் விரலை வைத்தார்.

படம் பின்னோக்கி ஓடியது. துணிப்பை சுருங்கியது, மிஷின்காரர்கள் முதுகுப்புறமாக நடந்தார்கள். அப்புறம் அம்மா. அவள் கூடையிலிருந்து கொழுந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து, அவள் விரல் வழியாகவே செடியில் போய் ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். துரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். அம்மா ஒன்றைக் கிள்ளினாள், சிரித்தாள், இன்னொன்றைக் கிள்ளினாள். இந்தத் தடவை விசில் இல்லை.

அம்மா எழுந்து நின்றாள். "தொரே, அது படத்துக்குப் பறிச்சது. நெசமா பறிக்கிறது அப்படியில்ல. திங்கக்கெழம மலைக்கு வந்து பாருங்க."

"சரி லா, அக்கா. பாக்குறேன்" என்று சிரித்தார் துரை.

திங்கட்கிழமை அம்மா பழைய படுதாவைச் சுற்றிக்கொண்டு நிரையில் இறங்கினாள். அவள் அப்படிப் பறித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நிற்கவே பயமாக இருந்தது. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை நிமிரும். கை மட்டும் நிற்காது. மழை வந்தபோது நாங்கள் ஒதுங்கினோம், அவள் ஒதுங்கவில்லை. சாயங்காலம் கங்காணி குடையோடு வந்து, "தொரை காலையிலேயே கோலாலம்பூர் போயிட்டாரு, தங்கச்சி" என்றார்.

"நீங்க பாத்தீங்கள்ல? நீங்க சொல்லுங்க அண்ணே."

"நான் சொன்னா யாரு கேப்பா? கம்பெனிக்காரங்க வீடியோவுல பாத்துட்டாங்க லா."

யாரையும் நிறுத்தவில்லை என்பது உண்மைதான். மிஷின் பிடிக்க ஆண்களை எடுத்தார்கள். பெண்களைப் பெரட்டில் கூப்பிடுவது குறைந்தது. ஒரு வாரம் கூப்பிடுவார்கள், மறு வாரம் மறந்துவிடுவார்கள். வீட்டில் மிஷின் பிடிக்க ஓர் ஆள் இருந்தவர்கள் தப்பித்தார்கள். கடைசியில், வேலைக்கு வராதவர்களுக்கு வீடு எதற்கு என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி எங்களிடம் கேட்டார். வெளியே போ என்று துரை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். அந்தச் சிரித்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாங்கள் இறங்கிய அன்றே எங்கள் கதவிலும் பூட்டுப் போட்டார்கள்.

ரிங்லெட்டில் ஓர் அறை எடுத்தோம். நான் லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்து வேலைக்குப் போனேன். அம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் எச்சில் மங்கு கழுவினாள். கடையில் போட்டதும் அதே கம்பெனித் தூள்தான். மிஷின் வெட்டிய அந்தத் தேத்தண்ணியை லோரிக்காரர்களும் போலீஸ்காரர்களும் வாத்தியார்களும் குடித்தார்கள். ஒருத்தர்கூட முகம் சுளித்து நான் பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் அம்மாவைக் கூட்டிப்போகக் கடைக்குப் போயிருந்தேன். தமிழ்ச் செய்திக்கு முன்னால் டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பனி மூடிய மலை வந்தது. புல்லாங்குழல். நீலச் சேலை கட்டிய ஒருத்தி கூடைக் கயிற்றைப் பிடித்தபடி ஒரு கொழுந்தைக் கிள்ளி, நிமிர்ந்து சிரித்தாள். கையால் பறித்த இளங்கொழுந்து என்று மலாயில் ஒரு குரல் சொன்னது. பிறகு தேயிலைப் பொட்டலம் வந்தது.

அம்மா ஈரக் கையோடு சமையற்கட்டு வாசலில் நின்று முழுவதும் பார்த்தாள்.

"ஒத்தக் கையால கிள்ளுறா பாரு. இவளுக்கெல்லாம் எவன் சம்பளம் குடுப்பான்?" என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை.