வெயிலுமுத்து கழுவிய கிளாஸ்

முதலாளியின் செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டதா என்று முதலில் காது கொடுப்பான். வந்தால்தான் வெயிலுமுத்துவின் கை எச்சில் கிளாசைத் தொடும். "நீங்க இருங்க அண்ணாச்சி, நான் கழுவுதேன். நீங்க போயி இதத் தொடலாமா?" என்று தாராவிச் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்துவான். பிறகு ஒரே ஒரு கிளாசைக் கால் மணி நேரம் தேய்ப்பான்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அண்ணாச்சி செல்லத்துரைதான். தகர டிரங்குப் பெட்டி செய்யும் பட்டறைக்கு முதலாளி. ஆனால் பத்து மணிச் சாயாவைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்து, வேலையாட்கள் குடித்து வைத்த ஆறு கிளாசையும் தானே கழுவிக் கவிழ்ப்பார். ஊரில் இதைச் செய்தால் சொந்தக்காரன் ஒருவனும் அவர் வீட்டுப் படி ஏற மாட்டான். "பம்பாய்ல என்னலே எச்சி? வேல செய்யுதவனுக்கு சாயா ஊத்துனா என் கை தேஞ்சா போயிரும்?" என்பார்.

அந்தச் சாயா ஆளுக்கொரு விதமாக இறங்கியது. ஆறு மணியானால் சுத்தியலைப் போட்டது போட்டபடி கிளம்பும் தங்கசாமி, "அவரு கழுவுதாரு, நான் குடிக்கேன். சனிக்கெழம சம்பளம் வந்தாச் சரி" என்பான். அவனிடம் ஒளிவு மறைவாவது இல்லை. பூட்டு பொருத்தும் பிரம்மநாயகத்துக்கோ முதலாளி கழுவிய கிளாசில் குடிக்கவே கூச்சம். அந்தக் கூச்சத்திலேயே கொண்டியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கீழே வைப்பார்.

வெயிலுமுத்துவுக்கு மட்டும் அது ஏணியாகத் தெரிந்தது. விக்ரோலியில் இரண்டாவது பட்டறை திறக்கப் போகிறது; அதற்கு ஒரு மேஸ்திரி வேண்டும். கிளாஸ் கழுவினால் மேஸ்திரி ஆகிவிடலாம் என்று அந்த மண்டை கண்டுபிடித்தது. அவன் அடித்த பெட்டி மூடி ஒன்றாவது ஒழுங்காகப் படிந்ததுண்டா? கேட்டால் தகரத்தின் மேல் பழி போடுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி விக்ரோலிக்குக் கிளம்பினார். "மேஸ்திரி யாருன்னு சாயங்காலம் வந்து சொல்லுதேன்" என்றார். அன்று குடித்து வைத்த ஆறு கிளாசிலும் ஈ மொய்த்தது.

"ஏ பெருசு, நமக்கென்ன? சோடோ யார், விட்டுத் தள்ளும்" என்று பிரம்மநாயகத்திடம் சொல்லிவிட்டு வெயிலுமுத்து பீடி பற்றவைத்தான். பிரம்மநாயகம் எழுந்துபோய் ஆறையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

நாலரை மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. வெயிலுமுத்து பீடியை மிதித்தான். கவிழ்ந்திருந்த கிளாஸ் ஒன்றை எடுத்து, வாளித் தண்ணீரை அள்ளிச் சட்டையில் தெளித்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தான்.

அண்ணாச்சி மற்ற ஐந்து கிளாசையும் விரலால் தடவிப் பார்த்தார். எல்லாம் எப்போதோ காய்ந்திருந்தன. விக்ரோலிப் பட்டறைச் சாவியை எடுத்து, அப்போதும் ஒரு கொண்டியை இரண்டாம் தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த பிரம்மநாயகத்தின் கையில் வைத்தார்.

வெயிலுமுத்துவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு அந்தக் கிளாசை வேட்டி முனையால் துடைத்து, பிரம்மநாயகத்தின் முன் இரண்டு கையாலும் நீட்டினான்.

"சாயா சொல்லவா, அண்ணாச்சி?"